ஏழாம் வகுப்பு ப்ராஜெக்ட் கிட்: ஜவ்வரிசிய வச்சு ஒரு பருவம் செஞ்சு பாத்துட்டு எழுதறேன்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ஸ்டேஷனரி கடைல வாங்குன கிட்டைப் பத்தி எழுதறேங்க. அட்டைப் பெட்டி மேல 1,650 ரூபா விலை போட்டிருந்துச்சு, டீச்சர்னு சொன்னதும் 1,480க்கு குடுத்தாங்க. "உணவின் பயணம்"கிற தலைப்புல ஆறு பாடத்தையும் ஒண்ணா சேத்து பிள்ளைங்க ப்ராஜெக்ட் செய்யலாம், அதுவும் கற்றல் விளைவுகளோட (அந்த வகுப்புல பிள்ளைக்கு என்னென்ன வரணும்ங்கற பட்டியல்) இணைச்சே குடுத்திருக்கோம்னு பெட்டில கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்குனேன். கம்பெனி பேரு இங்க வேணாம், குறையும் நிறையும் ரெண்டுமே சொல்லப் போறேன், வாங்கலாமா வேணாமான்னு படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

நான் அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளில அறிவியல் டீச்சர். ஏழாவதுல 34 பிள்ளைங்க. வகுப்பு ஜன்னல்ல இருந்து பாத்தா சேர்வராயன் மலை தெரியும், மலைக்கும் ஊருக்கும் நடுவுல குச்சிக் கிழங்கு (மரவள்ளி) காடு. பாதிப் பிள்ளைங்க வீட்ல கிழங்கு போட்டிருப்பாங்க, இல்லன்னா அம்மாவோ அப்பாவோ அந்தக் கிழங்குல இருந்து ஜவ்வரிசி செய்யற சேகோ மில்லுல வேலைக்குப் போவாங்க.

கிட் வாங்குனதுக்கு ஒரு காரணம் இருக்கு. போன வருசம் நாங்களே "தண்ணீர்"னு ஒரு ப்ராஜெக்ட் செஞ்சோம். தெர்மாகோல் அணை, கலர் சார்ட்டு, பாட்டு எல்லாம் பிரமாதமா வந்துச்சு, பெத்தவங்க வந்து ஃபோட்டோ எடுத்துட்டுப் போனாங்க. பார்வைக்கு வந்த ஒரு மேடம் எல்லாத்தையும் பொறுமையா பாத்துட்டு, சார்ட்டுல இருந்த ஒரு சதவீதக் கணக்கைக் காட்டி "இதை எந்தப் பிள்ளை போட்டுச்சு டீச்சர்?"னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. நாலு பேரு உக்காந்து எழுதுனாங்க, மத்த முப்பது பேரு கலர் அடிச்சாங்க, பேப்பர் வெட்டுனாங்க, வேடிக்கை பாத்தாங்க. அந்த முப்பது பேருக்கும் நான் வளரறி மதிப்பீடு அ-வுல (வகுப்புச் செயல்பாட்டுக்குப் போடற மார்க்) மார்க் போட்டிருக்கேன். ராத்திரி தூக்கம் வரலங்க. மேடம் என்னைத் திட்டவே இல்ல, ஆனா மார்க் பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கே.

சரி, பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். 64 பக்கத்துல ஒரு கையேடு, பாடத்துக்கு ஒண்ணா ஆறு அட்டை, சுவத்துல மாட்டற மாதிரி பெரிய ஃப்ளெக்ஸ் சார்ட்டு ஒண்ணு, ரூப்ரிக் அட்டை (எந்த நிலைக்கு எத்தனை மார்க்னு சொல்ற அட்டை) ஒரு கட்டு, கட்டம் போட்ட வெத்துத் தாள் 50 இருக்கற பேடு, குட்டி டிஜிட்டல் தராசு, அயோடின் பாட்டில், லிட்மஸ் தாள், வடிகட்டற துணி, அளவுக் குவளை ரெண்டு. கியூஆர் கோடு ஒண்ணும் ஒட்டிருக்கு, ஸ்கேன் பண்ணுனா வர்ற வீடியோ எல்லாம் இங்கிலீஷ்லதான், எங்க பிள்ளைங்களுக்கு ஆகாது. சாமான் தரம் பரவால்ல. துணி நிஜமாவே நல்ல துணி. லிட்மஸ் தாள் பழசாகி நிறம் மங்கிப் போயிருந்துச்சு. தராசுதான் மோசம், மளிகைக் கடைல 500 கிராம் படிக்கல் வாங்கி வச்சுப் பாத்தா 491 காமிக்குது. கடைக்கு எடுத்துட்டுப் போனேன், "பில்லு இருக்குதுங்களா டீச்சர், குடுங்க மாத்தித் தர்றேன்"னு மறுபேச்சு பேசாம மாத்திக் குடுத்தாரு, அதுக்கு அவருக்கு முழு மார்க். ரெண்டாவது தராசு 2 கிராம் வித்தியாசத்துல நின்னுச்சு, போதும்னு விட்டுட்டேன். நீங்க வாங்குனா கடையிலயே படிக்கல் கேட்டு வச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், அந்த ஃப்ளெக்ஸ் சார்ட்டு. "தர இணைப்பு"ன்னு தலைப்பு. இந்த ஒரு ப்ராஜெக்ட் செஞ்சா 38 கற்றல் விளைவு நிறைவேறும்னு போட்டு வரிசையா டிக் அடிச்சு வச்சிருக்காங்க. 38! ஒரு பருவத்துல ஒரு ப்ராஜெக்ட்ல 34 பிள்ளைங்களுக்கு 38 விளைவுன்னா நான் 1,292 தடவை பாத்து குறிக்கணும், அது நடக்கற காரியமா? பக்கத்துல குறியீட்டு எண்ணு (கோடு) வேற போட்டிருக்கு, 7.ஆர்பி.ஏ.3, எம்எஸ்-இஎஸ்எஸ்3-3ன்னு. எங்க ஸ்கூல் சுவத்துல தொங்கற கற்றல் விளைவு போஸ்டர்ல இந்த மாதிரி கோடே கிடையாதேன்னு ரெண்டு நாள் தேடுனேன். அப்புறம்தான் பிடிபட்டுச்சு, முதல் கோடு அமெரிக்காவோட காமன் கோர்ங்கற கணக்குப் பாடத் தரம், 2010ல வந்தது. ரெண்டாவது அவங்களோட அறிவியல் தரம், 2013ல வந்த என்ஜிஎஸ்எஸ். எங்கயோ இருந்த ஒரு அட்டவணைய அப்படியே தூக்கிட்டு வந்து தமிழ்ல தலைப்பு மட்டும் போட்டு அச்சடிச்சிருக்காங்க.

அந்தத் தரத்துல சொல்லிருக்கற விஷயம் தப்பு இல்ல, அதையும் சொல்லிடறேன். 7.ஆர்பி.ஏ.3ன்னா விகிதத்தை வச்சு பல படி உள்ள சதவீதக் கணக்கு போடத் தெரியணும்னு அர்த்தம், நம்ம ஏழாம் வகுப்புலயும் மூணாம் பருவத்துல சதவீதம், தனிவட்டின்னு அதேதான் வருது. இன்னொரு கோடு, மனுசன் செய்யற வேலையால சுற்றுச்சூழலுக்கு வர்ற பாதிப்பைக் கண்காணிச்சு குறைக்க ஒரு வழிய பிள்ளையே வடிவமைக்கணும்னு சொல்லுது, அருமையான விஷயம். ஆனா எனக்கு வேண்டியது என் பிள்ளை எந்தப் பாடப் புத்தகத்துல எந்தப் பருவத்துல எதைத் தொடுறான்ங்கறது. 2017ல என்சிஇஆர்டி (பள்ளிப் பாடத்துக்கான மத்திய அரசு நிறுவனம்) தொடக்க நிலைக்கான கற்றல் விளைவுகளை வகுப்பு வாரியா, பாட வாரியா வெளியிட்டுச்சு, அதுல இருந்து எடுத்திருந்தாலே போதுமே, அது எல்லாருக்கும் இலவசமாவே கிடைக்குதே. காசு வாங்கற கம்பெனி அதைக்கூட செய்யலைங்கறதுதான் என் வருத்தம். சார்ட்டு இப்ப சத்துணவுக் கூடத்துல மேசை விரிப்பா கிடக்குது.

கையேடும் அந்த சார்ட்டோட போக்குலயேதான் போகுது. முதல்ல ப்ராஜெக்டை செய்யுங்க, முடிச்சப்புறம் எந்தெந்த விளைவு வந்துச்சுன்னு டிக் போடுங்கன்னு சொல்லுது. போன வருசம் நான் செஞ்ச தப்பே அதுதானுங்க. செஞ்சு முடிச்ச அப்புறம் தேடுனா எந்த விளைவை வேணும்னாலும் எந்த வேலையோடயும் ஒட்டிரலாம். சார்ட்டுக்கு கலர் அடிச்சா கலை, தலைப்பு எழுதுனா மொழி, ஸ்கேல் வச்சு கோடு போட்டா கணக்கு. கையேட்டுல 41ஆம் பக்கம் "உணவு பற்றி ஒரு பாடல் பாடுக: இசைத் திறன்"னு நிஜமாவே போட்டிருக்கு. பாடட்டும், சந்தோசமா பாடட்டும், ஆனா அதுனால இசைல அந்தப் பிள்ளைக்கு என்ன புதுசா வந்துச்சுன்னு கேட்டா ஒண்ணும் இல்ல.

அப்ப 1,480 ரூபா வீணான்னு கேட்டீங்கன்னா, இல்ல. அந்த வெத்துத் தாள் பேடு ஒண்ணு சொன்னேன்ல, கையேட்டுல அதைப் பத்தி மூணே வரிதான் இருக்கு, பெட்டிக்கு அடில கிடந்துச்சு. நாலு கட்டம். பிள்ளை எதைத் தெரிஞ்சுக்கணும், எந்த வேலைல அது வெளிய தெரியும், கைல என்ன சான்று இருக்கும், இன்னும் யாருக்கு வரல. அவ்ளோதான். எவரு யோசிச்சு போட்டாங்களோ தெரியல, அவங்க வகுப்புல நின்னு பாடம் நடத்துன ஆளுதான்னு அந்த நாலாவது கட்டத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

கணக்கு சாரு, தமிழம்மா, சமூக அறிவியல் டீச்சர், நானு நாலு பேரும் ஒரு மத்தியான சாப்பாட்டு நேரத்துல அந்தத் தாளை நடுவுல வச்சுட்டு உக்காந்தோம். என்ன ப்ராஜெக்ட்னு நாங்க முதல்ல முடிவே பண்ணல. மூணாம் பருவத்துல ஆளுக்கு எந்தப் பாடம் வருது, அதுல பிள்ளைங்க எப்பவும் தடுக்கி விழற இடம் எது, அதை மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். சாரு உடனே "சதவீதம்தான் டீச்சர், எதுக்கு எத்தனைன்னு கேட்டா எதால வகுக்கறதுன்னே தெரியாம முழிப்பாங்க"ன்னாரு. எனக்கு பலபடி வேதியியல் (சின்ன மூலக்கூறுங்க சங்கிலியா சேந்த பாலிமரைப் பத்தின பாடம்), ஸ்டார்ச்சு இயற்கைல கிடைக்கற பலபடின்னு மனப்பாடம் பண்ணுவாங்க, ஸ்டார்ச்சை கண்ணால பாத்திருக்க மாட்டாங்க. சமூக அறிவியல்ல சந்தையும் நுகர்வோர் பாதுகாப்பும், அதோட நிலவரைபடம் படிக்கறது. தமிழம்மா, "நேர்ல ஒருத்தரைப் பாத்து கேள்வி கேட்டு, அவங்க சொன்னதை அவங்க வார்த்தைலயே எழுதி வரணும், அது எங்கிட்ட ஒரு பிள்ளைக்கும் வரல"ன்னாங்க. இந்த நாலும் ஒரே பொருள்ல எங்க கூடும்னு பாத்தா, ஜன்னலுக்கு வெளிய கிழங்குக் காடு. ஜனவரி மாசம், அறுவடை நடந்துட்டு இருக்கு. வேற எதைத் தேடறது? ஜவ்வரிசின்னு முடிவாச்சு.

இங்கிலீஷ் டீச்சர் "நானும் ஏதாச்சும் சேரட்டுமா"ன்னு கேட்டாங்க. வலிஞ்சு சேக்க வேணாம் மேடம், உங்க பாடத்துக்கு இதுல உண்மையா வேலை இருந்தா பின்னாடி பாக்கலாம்னு சொல்லிட்டேன், அவங்களும் தப்பா எடுத்துக்கல. ஆறு பாடமும் வந்தே ஆகணும்னு கிட் சொல்றதை தயவுசெஞ்சு நம்பாதீங்க. ரெண்டு பாடம் சரியா கூடுனாலே அது நல்ல ப்ராஜெக்ட்.

மொத்தம் ஆறே ஆறு விளைவு எடுத்தோம். என்சிஇஆர்டி பட்டியல்ல ஏழாம் வகுப்பு சமூக அறிவியலுக்கு, பொருள்கள் பலவிதமான சந்தை வழியா எப்படிப் பயணம் செய்யுதுன்னு பிள்ளை கண்டு சொல்லணும்னு ஒண்ணு இருக்கு, ஜவ்வரிசிக்குன்னே எழுதுன மாதிரி. அறிவியல்ல, ஒரு கேள்விக்கு விடை தேடி எளிய ஆய்வு தானே செய்யணும்னு ஒண்ணு. இந்த மாதிரி ஆறு.

இனி வகுப்புல நடந்ததைச் சொல்றேன்.

அஞ்சு குழு, குழுவுக்கு ஒரு கிலோ கிழங்கு. இங்க ஒரு எச்சரிக்கை, கிட்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது: பச்சைக் குச்சிக் கிழங்குல சயனைடு உண்டாக்கற பொருள் இருக்கு, தோல்ல ரொம்ப அதிகம். பிள்ளைங்க பச்சையா வாய்ல வைக்கவே கூடாது, வேலை முடிஞ்சதும் கை கழுவணும், துருவுன தண்ணிய ஆடு மாடு குடிக்கற இடத்துல ஊத்தக் கூடாது. தோலை நானும் சத்துணவு அக்காவும்தான் சீவுனோம். அப்புறம் பிள்ளைங்க துருவி, தண்ணி ஊத்திப் பிசைஞ்சு, கிட்ல வந்த துணில வடிகட்டி, பால் மாதிரி வந்ததை குண்டாவுல மூடி வச்சாங்க. மூணு மணிக்கூர் கழிச்சு மேல் தண்ணிய மெதுவா சாய்ச்சா அடில வெள்ளையா, விரலை வச்சு அழுத்துனா கெட்டியாவும் எடுத்தா வழியறதாவும் இருக்கும் பாருங்க, அந்த நிமிசம் 34 பேரும் குண்டாவுக்கு மேல குனிஞ்சு நின்னாங்க, ஒரு சத்தம் இல்ல. பல வருசமா இந்தப் பாடம் நடத்தறேன், இப்படி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல.

ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு எடை போட்டோம். ஒரு குழுவுக்கு 168 கிராம். கணக்கு சாரு வகுப்புக்கு வந்து, "எத்தனை சதவீதம்?"னு கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம நின்னுட்டாரு. ஒரு பையன் 1,000ஆல வகுத்து 16.8ன்னான். இன்னொரு பொண்ணு, இல்ல, தோல் சீவுனப்புறம் 820 கிராம்தானே இருந்துச்சு, அதால வகுக்கணும்னு 20.5ன்னு சொல்லுச்சு. சண்டைங்க! ரெண்டுல எது சரின்னு அரைப் பீரியடு வாக்குவாதம். சாரு கடைசி வரைக்கும் வாயே தொறக்கல. அப்ப ஒரு பொண்ணு எந்திரிச்சுச்சு, எப்பவும் கடைசி பெஞ்சுல இருக்கும், கணக்கு நோட்டு பாதி காலியா இருக்கும். "எங்கப்பா மில்லுக்கு தோலோடதான் சார் லோடு ஏத்துவாரு, மில்லுக்காரங்க பாயிண்ட் போட்டுத்தான் காசு தருவாங்க, அப்ப தோலோட எடைலதான் சார் வகுக்கணும்"ன்னுச்சு.

பாயிண்ட்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். கிழங்குல ஸ்டார்ச்சு எவ்ளோ இருக்குன்னு மில்லுல ஒரு சாம்பிளைத் தண்ணிக்குள்ள நிறுத்து எடை பாப்பாங்க, அதுல வர்ற அளவுதான் பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபான்னு பேசி டன்னுக்கு விலை போடுவாங்க. அந்தப் பொண்ணு போர்டுக்கு வந்து, பாயிண்ட் 300 ரூபான்னு வச்சுக்கிட்டா 27 பாயிண்டுக்கு டன் 8,100, அதே கிழங்கு 25 பாயிண்ட்தான் வந்துச்சுன்னா 7,500, ரெண்டு பாயிண்ட் கொறைஞ்சா டன்னுக்கு 600 போச்சு, பத்து டன் லோடுன்னா 6,000 போச்சுன்னு போட்டுக் காமிச்சா. யாரும் சொல்லித் தரல. அவ வீட்ல தினமும் பேசற பேச்சு அது. சதவீதம்ங்கற வார்த்தைய மட்டும் அவகிட்ட யாரும் இதோட சேத்துச் சொன்னதில்ல.

அடுத்த கேள்வியும் அவளே கேட்டா. மில்லுல 27 வருதுன்னா நமக்கு ஏன் 17 கூட வரல? இதுக்கு நான் பதில் சொல்லிருக்கலாம். சொல்லல. "மிச்சம் எங்க போயிருக்கும்னு நினைக்கறீங்க?"ன்னு கேட்டேன். ஒருத்தன் தண்ணில போயிருக்கும்னான், ஒருத்தி துணில ஒட்டிருக்கும்னா, ஒரு பையன் திப்பில இருக்கும் டீச்சர்னான். திப்பின்னா பால் பிழிஞ்சப்புறம் துணில மிஞ்சற சக்கை, மில்லுல இருந்து மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அயோடின் பாட்டிலை எடுத்து அவன் கைல குடுத்தேன். திப்பி மேல ரெண்டு சொட்டு விட்டான். கருநீலமா மாறிப் போச்சு! அவன் முகத்தைப் பாக்கணுமே. "உள்ளயே இருக்குது டீச்சர், நாம ஒழுங்கா துருவல"ன்னான். அறிவியல் விளைவு இங்க வந்துருச்சு, கணக்கோட கேள்விக்குப் பதிலாவே வந்துருச்சு. ரெண்டு பாடம் இணைஞ்சுதுன்னா இதுதானுங்க, ஒரு பாடத்துல முளைச்ச கேள்விக்கு இன்னொரு பாடத்துல போய் பதில் தேடறது. சார்ட்டுல பக்கத்துப் பக்கத்துல ஒட்டுனா இணைப்பு ஆகாது.

சமூக அறிவியல் டீச்சர் சந்தைப் பயணத்தை எடுத்துக்கிட்டாங்க. காட்டுல இருந்து மில்லு, மில்லுல இருந்து சேகோசர்வ், அங்க இருந்து லாரில வடநாடு. 1981ல ஆரம்பிச்ச கூட்டுறவு சங்கம் அது, சேலத்துல எல்லாருக்கும் பேரு தெரியும், ஆனா அது எதுக்கு வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாது. மில்லுக்காரங்க தனித்தனியா வியாபாரிகிட்ட மாட்டிக்காம ஒரே இடத்துல சரக்கை வச்சு விக்கத்தான்னு தெரிஞ்சுகிட்டாங்க. மகாராஷ்டிராவுல விரத நாள்ல ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவாங்கன்னு கேட்டதும் ஒரே ஆச்சரியம், நமக்கு அது பாயசத்துக்கும் வடாமுக்கும்தானே. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதையும் சேத்துக்கிட்டாங்க. ஆளுக்கொரு ஜவ்வரிசி பாக்கெட் கவர் கொண்டு வந்து, தயாரிச்ச தேதி, எடை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணு எல்லாம் இருக்கான்னு பாத்து எழுதுனாங்க. மூணு கவர்ல தேதியே இல்ல. அதை வச்சு நுகர்வோர் பாடம் தானா நடந்துச்சு.

தமிழம்மா வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மில்லுல வேலை செய்யற ஒருத்தரைப் பாத்து பத்து கேள்வி கேட்டு, அவங்க பேச்சுலயே எழுதி வரணும். திப்பி, குருணை, களம், பாயிண்ட், லோடுன்னு ஒரு சொல் பட்டியலே சேந்துச்சு. ஒரு பையன் அவங்க பாட்டிகிட்ட கேட்டு எழுதுனது: களத்துல ஜவ்வரிசி காயப் போட்டு மிதிச்சு மிதிச்சு கிளறுவோம், வெயில் மேல இருந்தும் அடிக்கும் கீழ வெள்ளைல பட்டும் அடிக்கும், கண்ணு கூசும், சாயங்காலம் வீட்டுக்கு வந்தா விளக்கே மஞ்சளாத் தெரியும். இந்த வரிய தமிழம்மா ஸ்டாஃப் ரூம்ல படிச்சுக் காமிச்சப்ப யாரும் பேசல.

எங்க பெரியப்பா ஆதாரப் பள்ளில வாத்தியாரா இருந்தவரு. தக்ளில நூல் நூத்துட்டே கணக்கு சொல்லித் தருவோம், எத்தனை சுத்து, எத்தனை முழம், எவ்ளோ பஞ்சு வீணாச்சுன்னு அதுலயே வந்துரும்னு சொல்லுவாரு. 1937 வார்தா மாநாட்டுல காந்தி முன்வச்ச ஆதாரக் கல்வில கைத்தொழிலோட பாடத்தை இணைக்கறதுதான் அடிப்படையே. ஆக இந்த யோசனை கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சது இல்ல, நம்ம ஊர்ல பழசு. ஆனா பெரியப்பாவே இன்னொண்ணும் சொல்லுவாரு, சில பள்ளில நூல் நூக்கறது மட்டும் நடந்துச்சு, கணக்கு நடக்கலன்னு. இப்ப சார்ட்டு மட்டும் நடக்குது, அதே கதைதான்.

ரூப்ரிக் அட்டைங்களைப் பத்தி சுருக்கமா. 4, 3, 2, 1ன்னு நாலு நிலை, ஆனா "மிகச் சிறப்பான படைப்பாற்றல்", "சிறப்பான படைப்பாற்றல்"னு எழுதி வச்சா எதை வச்சு பிரிக்கறது? நாங்க அட்டையைத் திருப்பி பின்பக்கம் எங்க வார்த்தைல எழுதிக்கிட்டோம். சதவீதத்துக்கு: எதால வகுக்கணும்னு காரணத்தோட சொல்றான், வகுக்கறான் காரணம் சொல்லல, பக்கத்துல இருக்கறவங்க சொன்னா போடறான், இன்னும் வரல. இப்படி எழுதுனா எவரு பாத்தாலும் ஒரே மார்க்தான் வரும். வளரறி அ-வுக்கு மார்க் போடறப்ப இந்தத் தடவை என் கை நடுங்கல.

சான்றுன்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழுப்புக் கவர். அதுல அவங்களே எழுதுன கணக்கு, அயோடின் சோதனை குறிப்பு, நேர்காணல் தாள், பாக்கெட் கவரு. குழுவா செஞ்சாலும் எழுதறது தனித்தனியா. இது வேலைப்பளு கூட்டும், மறைக்கல, முதல் வாரம் நானும் சலிச்சுக்கிட்டேன். ஆனா ஆறே விளைவுங்கறதால சமாளிச்சோம். 38ன்னா ஒரு வாரத்துல கைவிட்டிருப்போம்.

அதனால வாங்கலாமான்னு கேட்டா, தனியார் ஸ்கூலோ அரசு ஸ்கூலோ, முதல் தடவை இப்படி செய்யறவங்களுக்கு அந்த வெத்துத் தாளும் துணியும் அயோடினும் உதவும், ஆனா அதுக்கு 1,480 அதிகம். தாளை நீங்களே நாலு கட்டம் போட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கலாம், அயோடின் மெடிக்கல்ல கிடைக்கும், துணிக்கு பழைய வேட்டி போதும், தராசுக்கு ஊர் மளிகைக் கடைக்காரர் இருக்காரு. பெட்டி மேல "ஜூன் மாதமே தொடங்குங்கள்"னு போட்டிருக்கறதையும் நம்பாதீங்க, உங்க ஊர்ல எந்தப் பொருள் எந்த மாசம் கைக்கு வருது, அப்ப எந்தப் பாடம் நடக்குதுன்னு பாத்து தொடங்குங்க. ஏற்காட்டுல இருக்கற டீச்சருங்களுக்கு காபிப் பழம் பறிக்கற மாசம் இருக்கு, அவங்க கிழங்கைத் தேட வேண்டியதில்ல. பெட்டியோட வாங்கித்தான் ஆகணும்னா பக்கத்து ஸ்கூல் ரெண்டு மூணு பேர் சேந்து ஒண்ணு வாங்குங்க, 50 தாள் தாராளமா வரும். அஞ்சுக்கு நான் குடுக்கறது ரெண்டரை, அதுல ரெண்டு அந்தத் தாளுக்கு மட்டும்.

கடைக்காரர்கிட்ட போன வாரம் போயி, கம்பெனி ஆளு வந்தாருன்னா சொல்லுங்க, அமெரிக்கக் கோடை எடுத்துட்டு நம்ம கற்றல் விளைவைப் போடுங்க, கிழங்கு மாதிரி பச்சைப் பொருள் பயன்படுத்தறப்ப எச்சரிக்கை அச்சடிங்க, வெத்துத் தாளைப் பெட்டிக்கு மேல வைங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு வந்தேன். "கண்டிப்பா சொல்றேங்க டீச்சர்"னு கல்லாவுல போட்டுக்கிட்டாரு.

எங்க தாள்ல நாலாவது கட்டத்துல சதவீதத்துக்கு நேரா பதினோரு பேர் இருந்தாங்க, இப்ப ரெண்டு பேர்தான் இருக்காங்க. திங்கக்கிழமை அவங்க ரெண்டு பேருக்கும் மட்டும் இன்னொரு கிலோ கிழங்கு. கடைசி பெஞ்சு பொண்ணு தானே கொண்டு வர்றேன்னு சொல்லிருக்கா, அவங்கப்பா காட்டுல இன்னும் அரை ஏக்கர் வெட்டாம இருக்காம்.